கருணை களைப்பதுண்டோ? உசிலம்பட்டிச் செவிலியரும் நான்கு பாவனைகளும்



அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தம் ஒன்று என்பதை நாம் அனைவரும் கற்றிருக்கின்றோம். நோயுற்ற முனிவருக்கும், தவத்தால் மெலிந்தவருக்கும், புதிதாகத் துறவு ஏற்ற மாணவருக்கும் உடலாலும் உரையாலும் பணிவிடை செய்தல் என்பது அதன் பொருள். ஆசாரியர் முதலாகப் பத்து வகையினர் அப்பணிவிடைக்கு உரியர் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கணக்கிடுகிறது. பணிவிடை பெறுவோரைப் பற்றி நம் சொற்பொழிவாளர்கள் விரிவாகப் பேசுகின்றனர். பணிவிடை செய்கின்றவர் பத்து ஆண்டு, இருபது ஆண்டு அதனைச் செய்த பின் என்ன ஆகின்றார் என்று கேட்போர் குறைவு. அவர் உறக்கம் கெடுகின்றதா, உள்ளம் வறள்கின்றதா, ஒருநாள் நோயாளியைக் கண்டதும் எரிச்சல் கொள்கின்றாரா என்பனவற்றை நாம் உசாவுவதில்லை. புண்ணியம் செய்பவருக்குச் சோர்வு ஏது என்று எண்ணிவிடுகின்றோம்.

அந்த எண்ணம் சரியன்று என்பதையும், சோர்வுக்கு நம் ஆசாரியர்கள் முன்பே ஒரு வழி வகுத்துள்ளனர் என்பதையும் இங்கே ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்கு உசிலம்பட்டியை எடுத்துக்கொள்கின்றோம்.

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் நாகமலையையும், கீழக்குயில்குடியில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் சமணர் மலையையும் கடந்து, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் உசிலம்பட்டியை அடைவர். அவ்வட்டாரத்து விக்கிரமங்கலத்தில் உண்டாங்கல் மலை என்றொரு குன்று உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கிய முனிவர்க்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. மதுரையைச் சூழ்ந்த இத்தகைய குகைத்தளங்களில் மழைநீர் உள்ளே வடியாதபடி பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பதையும் காண்கின்றோம். உலகிற்கு அறம் உரைக்க வந்தவர் நனையாமல் உறங்க வேண்டும் என்று யாரோ ஒருவர் எண்ணியிருக்கின்றார், உளி எடுத்திருக்கின்றார். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அதே உசிலம்பட்டியின் பெயர் 1986ஆம் ஆண்டு சூன் மாதம் 'இந்தியா டுடே' இதழ் வெளியிட்ட கட்டுரையால் நாடெங்கும் பரவியது. பிறந்த பெண்மகவை உயிரோடு விடாத கொடுமையைப் பற்றியது அக்கட்டுரை. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் அதே பொருளைத் திரைக்குக் கொண்டுவந்தது. வரதட்சணைச் சுமை, நிலத்தின் வறுமை, ஆண்மகவே குலம் காக்கும் என்னும் மயக்கம் ஆகியவை கூடிச் செய்த பாவம் அது. அப்பழி ஓர் ஊருக்கோ ஒரு குலத்துக்கோ மட்டும் உரியதன்று. சேலத்திலும் தருமபுரியிலும் அது இருந்தது. பின்னர், கருவிலேயே பாலினம் அறியும் கருவி வந்தபோது படித்த நகரத்தார் இல்லங்களிலும் அது வேறு உருவில் நுழைந்தது. தமிழகத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண்குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண்குழந்தைகள் 1991இல் 948 பேராக இருந்து, 2001இல் 942ஆகக் குறைந்தனர், 2011இல் 943. வணிகக் குடியினரான நாம் இவ்வெண்களைப் படிக்கும்போது பிறரைச் சுட்டும் விரலைச் சற்று மடக்கிக்கொள்வது நல்லது.

அக்கொடுமையைப் பற்றி எழுதியோர் தாயைப் பற்றி எழுதினர், மாமியாரைப் பற்றி எழுதினர், கள்ளிப்பாலைப் பற்றி மிகுதியாகவே எழுதினர். அவ்வீடுகளுக்குள் நாள்தோறும் சென்றுவந்த செவிலியரைப் பற்றி நாம் படித்த பக்கங்கள் மிகச் சில.

நம் மாநிலத்தில் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் உண்டு. சமவெளியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு நிலையம் என்பது அரசின் அளவு. கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்தல், இரத்த அழுத்தம் பார்த்தல், இரும்புச்சத்து மாத்திரை வழங்குதல், தடுப்பூசி போடுதல், பேறு பார்த்தல், பேற்றுக்குப் பின் வீட்டுக்கே சென்று தாயையும் சேயையும் காணுதல் ஆகிய அனைத்தும் அவர் கடமை. 1990களில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. முன்பே பெண்மக்கள் உள்ள கருவுற்ற தாயரைத் தனியே குறித்து, பேறு ஆனபின் அவ்வீட்டின்மேல் கண்ணாக இருத்தல் அது.

அப்பணியில் இருந்த ஒருவரை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஒன்பது மாதம் அவர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கின்றார். அவள் அவரை அக்கா என்று அழைக்கின்றாள். பேறு அவர் கையிலேயே நிகழ்கின்றது, மூன்றாவதும் பெண். எடை நன்று, அழுகை நன்று. நான்காம் நாள் செல்கின்றார். வாயிலில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பால் ஏறிவிட்டது என்கின்றனர், சீர் தட்டியது என்கின்றனர். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். காவல் நிலையத்துக்குச் சென்றால் நாளை அவ்வூரில் எந்தக் கதவும் அவருக்குத் திறவாது. திறவாத கதவுக்குப் பின்னால் அடுத்த கருவுற்ற பெண் இருக்கின்றாள். செல்லாவிடின் அந்த இரவு முதல் அக்குழந்தை அவரோடு வரும். அவர் நிலையத்துக்குத் திரும்பிப் பதிவேட்டை விரிக்கின்றார்.

அப்பதிவேடு கற்பனையன்று. அக்காலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் குழந்தை இறப்புப் பதிவுகளில், இறப்பின் காரணத்தைக் குறிக்கும் இடத்தில், 'சமூகக் காரணம்' என்று எழுதும் வழக்கம் இருந்தது. ஷீலா ராணி சுங்கத் அவர்களும் வெங்கடேஷ் ஆத்ரேயா அவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக்கு அப்பதிவுகளே அடிப்படையாயின. தமிழகத்தில் இக்கொடுமை எங்கெங்கே, எவ்வளவு என்று நாடு அறிந்துகொண்டது பெரிதும் அவற்றால்தான். ஆய்வாளருக்கு அது புள்ளிவிவரம். இரண்டே சொற்களை எழுதிவிட்டு மிதிவண்டியிலோ பேருந்திலோ வீடு திரும்பித் தம் மக்களுக்குச் சோறு வடித்த அந்தப் பெண்மணிக்கு அது என்ன? அவரும் ஒரு தாய். பெண்மக்களைப் பெற்ற தாயாகவும் இருந்திருக்கலாம்.

இத்தகைய நிலையை உளநூலார் ஒரு பெயரால் அன்றி மூன்று பெயர்களால் குறிக்கின்றனர். வேலையின் பளுவால் வருவது பணிச்சோர்வு. 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் அமெரிக்க அறிஞர் அதனைப் பற்றி எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதனை அளந்தறியும் வினாத்தாளை அமைத்தனர். உள்ளம் வறண்டுபோதல், எதிரே இருப்பவரை மனிதராகக் காணாமல் ஒரு பொருளாகக் காணுதல், தம்மால் ஒரு பயனும் இல்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதனை நோய் என்று கூறாமல், பணியிடத்தில் விளையும் நிலை என்று வகைப்படுத்தியது. இரண்டாவது, கருணைக் களைப்பு. 1992இல் கார்லா ஜாயின்சன் செவிலியர்க்கு எழுதிய கட்டுரையிலும், 1995இல் சார்லஸ் ஃபிக்லி தொகுத்த நூலிலும் அப்பெயர் நிலைபெற்றது. துன்புற்றவரை இடைவிடாது கண்டும் கேட்டும் வருபவர், அத்துன்பம் தமக்கே நேர்ந்ததுபோல உறக்கம் கெட்டு, வேண்டாத காட்சிகள் கண்முன் தோன்றி, திடுக்கிட்டு வாழும் நிலை அது. மூன்றாவது, அறத்துயர். செய்யத்தக்கது இதுவென்று அறிந்தும் செய்யவொட்டாமல் சூழ்நிலை தடுக்கும்போது உண்டாகும் துயர் என்று ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல் செவிலியர் அறம் பற்றிய தம் நூலில் விளக்கினார்.

உசிலம்பட்டிச் செவிலியர் சுமந்தது இம்மூன்றனுள் பெரிதும் மூன்றாவது என்பது எங்கள் கருத்து. பளு குறைந்தால் முதலாவது குறையும். விடுப்பும் ஆறுதலும் இரண்டாவதைத் தணிக்கும். மூன்றாவதோ ஒருவரைத் தனியே விட்டுவிட்டு ஊர் முழுவதும் வாளாவிருப்பதால் வருவது. ஊர் மாறினாலன்றி அது தீராது.

இனி நம் நூல்களுக்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் விரதங்களை உறுதிப்படுத்தும் பாவனைகளைக் கூறும் இடத்தில், நான்கு பாவனைகளை ஒரே சூத்திரத்தில் வைக்கின்றார். எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி, அதாவது தோழமை. குணத்தால் மேம்பட்டோரிடத்தில் பிரமோதம், அதாவது உவகை. துன்புறுவோரிடத்தில் காருண்யம். கற்பித்தும் ஏற்க மாட்டாதவரிடத்தில் மாத்யஸ்தம், அதாவது நடுவுநிலை. நாள்தோறும் பாவனை செய்யும் நாம் இவற்றை மனப்பாடமாகவே கூறுவோம். மனப்பாடமாகிவிட்ட காரணத்தால், ஒவ்வொன்றும் யாரிடத்தில் என்று ஆசாரியர் இடம் பிரித்துக் கொடுத்திருப்பதை நாம் கவனிப்பதில்லை.

இந்தப் பிரிவினையைச் செவிலியரின் நிலையில் வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும். சேயும் தாயும் துன்புறுவோர், அவர்களிடத்தில் காருண்யம். தாயிடத்திலுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அவளும் பல வேளைகளில் அவ்வீட்டில் சொல் இல்லாதவள். பத்துமுறை எடுத்துரைத்தும் கேளாமல், செவிலியரையே வைது அனுப்பும் பெரியவர் கற்பித்தும் ஏற்காதவர், அவரிடத்தில் மாத்யஸ்தம். அவரை இன்றே திருத்தியாக வேண்டும் என்று எரிந்துகொண்டிருந்தால், எரிவது செவிலியரின் உள்ளமேயன்றி அவருடையது அன்று. அண்டை வீட்டில் மூன்று பெண்மக்களையும் படிக்கவைக்கும் ஒரு கூலிக்காரத் தந்தை இருப்பார். அவரைக் கண்டு பிரமோதம். இம்மூவரும் உள்ளிட்ட ஊர் முழுவதிடமும் மைத்ரி.

துன்பப் பணியில் இருப்போர் பெரும்பாலும் செய்வது என்ன? நான்கையும் விடுத்துக் காருண்யம் ஒன்றையே தனியே பிரித்தெடுத்துச் சுமக்கின்றனர். உவகை கொள்வது குற்றம்போலத் தோன்றுகின்றது. ஒரு குழந்தை போனபின் பிழைத்த பத்துக் குழந்தைகளை எண்ணி மகிழ்வதற்கு மனம் கூசுகின்றது. நடுவுநிலை கொள்வது கைவிடுவதுபோலத் தோன்றுகின்றது. நான்கு கால் கொண்ட கட்டிலை ஒரு காலில் நிறுத்தினால் அது சாய்வதில் வியப்பில்லை. சாய்ந்தபின் கருணை களைத்துவிட்டது என்கின்றோம்.

உண்மையில் களைப்பது கருணைதானா என்பதிலேயே இக்கால ஆராய்ச்சியாளர்க்கும் ஐயம் உண்டு. செருமனி நாட்டு லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஒல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் முதலியோரின் ஆய்வு 2014இல் அச்சாயிற்று. பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணரும் பயிற்சியைப் பெற்றவரிடம் வேதனை உணர்வு மிகுந்தது. பின்னர் அவர்களுக்கே, துன்புறுவோர் நலம்பெற வேண்டும் என்று அன்பைச் செலுத்தும் கருணைப் பயிற்சி தரப்பட்டபோது வேதனை தணிந்தது, நல்லுணர்வு வளர்ந்தது; மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. பிறர் துயரில் தாமும் அமிழ்தல் வேறு, அத்துயர் நீங்க விழைதல் வேறு என்பது இதனால் பெறப்படும். நம் மரபின் சொல்லில் கூறினால், முன்னது ஆர்த்தத் தியானத்தின் எல்லையை ஒட்டிச் செல்வது. பின்னது அனுகம்பை, நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்று.

இங்கே ஒரு தடை எழும். பிறர்க்காகத் தம்மை வருத்திக்கொள்வதே உயர்ந்த அறமன்றோ, தம் நலம் நோக்குவது தன்னலம் ஆகாதோ என்பர். அதே சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். துக்கம், சோகம், மனவெதும்பல், அழுகை, கொலை, புலம்பல் ஆகியவை அசாதாவேதனீய வினையின் வரவுக்குக் காரணம் என்று கூறும் ஆசாரியர், அவற்றைப் பிறரிடம் உண்டாக்கினால் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. தன்னிடத்தில் உண்டாக்கினாலும், பிறரிடத்தில் உண்டாக்கினாலும், இருபாலும் உண்டாக்கினாலும் என்று மூன்றையும் சேர்க்கின்றார். தன் உயிரும் ஓர் உயிரே. அதனைச் சோகத்தில் வாட்டுவதற்கு அகிம்சையில் விலக்கு இல்லை.

அப்படியாயின் உண்ணாநோன்பும் தவமும் தன்னை வருத்துதல் ஆகாதோ என்னும் வினாவை உரையாசிரியர் பூஜ்யபாதர் தாமே எழுப்பிச் சர்வார்த்த சித்தியில் விடை தருகின்றார். விடைக்கு அவர் காட்டும் உவமை ஒரு மருத்துவன். கருணை நிறைந்த மருத்துவன் ஒரு முனிவரின் கட்டியைக் கீறும்போது முனிவர்க்கு வலி உண்டாகின்றது. ஆயினும் புறத்தே நிகழ்ந்த அவ்வலி ஒன்றினாலேயே மருத்துவனுக்குப் பாவம் சேர்வதில்லை, அவன் உள்ளத்தில் சினம் முதலியன இல்லாமையால். பூஜ்யபாதரின் மாணவர் என்று தேவசேனரின் தரிசனசாரம் குறிப்பிடும் வஜ்ரநந்தியே மதுரையில் திரமிள சங்கத்தை நிறுவியவர். ஆகவே இவ்வுவமை மதுரை நாட்டுக்கு அயலானது அன்று. ஊசி போடும்போது குழந்தை வீறிடுவதைத் தாங்க மாட்டாமல் வருந்தும் இளஞ்செவிலியருக்கு இதனை எடுத்துச் சொல்லலாம். அறிந்தும் தடுக்க இயலாமற்போன இறப்பைத் தம் குற்றமாகவே சுமக்கும் முதிய செவிலியருக்கும் சொல்ல வேண்டும். வினை விளைவது உள்ளத்தின் கருத்தைப் பொறுத்தே. அவர் கருத்து காக்கும் கருத்து. அவர் ஒரு நிமித்தம். அவ்வீட்டாரின் மனம் மாறுவதற்குரிய முதற்காரணம் அவ்வீட்டாரிடமே உள்ளது. பிழைத்த குழந்தைக்கெல்லாம் நானே காரணம் என்று செருக்காதவர், பிழையாத குழந்தைக்கும் நானே காரணம் என்று நொறுங்க வேண்டியதில்லை.

மாத்யஸ்தத்தைப் பற்றி இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. துன்பத்தைக் கண்டதும் எல்லாம் அவரவர் வினைப்பயன் என்று கூறிக் கையைத் துடைத்துக்கொண்டு, அதனை நடுவுநிலை என்று அழைப்போர் நம்முள் இருக்கின்றனர். சூத்திரத்தில் நடுவுநிலைக்கு உரியவர் கற்பிக்க இயலாதவரே, துன்புறுவோர் அல்லர். துன்புறுவோர்க்கு உரிய இடத்தில் நடுவுநிலையைக் கொண்டுவந்து வைப்பது சூத்திரத்தைத் தலைகீழாகப் படிப்பதாகும். மாஸ்லாக் கூறிய இரண்டாம் கூறு, அதாவது எதிரே இருப்பவர் பொருளாகத் தோன்றும் நிலை, வெளிப்பார்வைக்கு மாத்யஸ்தம் போலவே இருக்கும். குரல் எழாது, கண்ணீர் வராது. ஆனால் உள்ளே மைத்ரி இராது. மைத்ரி இல்லாத அமைதி நோயின் அறிகுறி. தாம் அமைதி அடைந்துவிட்டோமா அல்லது மரத்துவிட்டோமா என்று ஐயுறுவோர் மற்றைய மூன்று பாவனைகளும் தம்மிடம் உயிரோடு உள்ளனவா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளில் வையாவிருத்தமும் உண்டு. அதே வரிசையில் தியாகமும் தவமும் வரும் இடத்தில் மட்டும் ஆசாரியர் ஒரு சொல்லைச் சேர்த்துள்ளார்: சக்திக்கேற்ப. தீர்த்தங்கரர் ஆகப்போகும் உயிருக்கே சக்திக்கேற்ப என்று அளவு கூறப்பட்டிருக்க, ஐயாயிரம் பேருக்கு ஒருவராக நிற்கும் பெண்மணியிடம் நாம் அளவின்றி எதிர்பார்ப்பது எந்த நூலின்படி?

இனி ஊரார் பங்கு. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவதைத் தமிழில் நம் முன்னோர் 'அழிந்தோரை நிறுத்தல்' என்று அழகாகப் பெயரிட்டனர். வடமொழியில் ஸ்திதிகரணம். நன்னெறியில் நின்றவர் தளரும்போது அவரைத் தாங்கி மீண்டும் நிறுத்துதல். இதற்கு எடுத்துக்காட்டாக வாரிசேணர் வரலாற்றைக் கூறுவர். சிரேணிக மன்னரின் மகனான அவர் துறவு பூண்டபோது, நண்பர் புட்பதாளரும் உடன் துறந்தார். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவர் மனம் விட்டுவந்த மனைவியையே சுற்றியது. வாரிசேணர் அவரைச் சபையில் நிறுத்திக் கடியவில்லை. தம்முடன் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் விட்டுவந்த மனைவியரை அவர் முன் கொண்டுவரச் செய்தார். ஒரு சொல்லும் வேண்டாமலே புட்பதாளர் தெளிந்தார். இக்கதையில் நாம் வழக்கமாகப் போற்றுவது வாரிசேணரின் துறவை. நண்பரின் முகத்தைப் பார்த்தே அவர் தளர்ச்சியை அறிந்தாரே, உடன் நடந்து சென்றாரே, அதுவும் போற்றத்தக்கது. மூன்றாம் அங்கமாகிய வெறுப்பின்மைக்கு எடுத்துக்காட்டான உத்தாயன மன்னர் வரலாற்றிலும், நோயுற்ற முனிவர் வேடத்தில் வந்த தேவன் கக்கியதைக் கழுவியவர் மன்னர் ஒருவர் மட்டுமல்லர். அரசி பிரபாவதியும் உடனிருந்தார். வெறுப்பை வெல்லும் பணி ஒருவராகச் செய்வதன்று போலும்.

தமிழக அரசு செய்தவற்றையும் இக்கண்கொண்டு பார்க்கலாம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெற்ற மகவை அரசின் தொட்டிலில் விடலாம் என்பது தாயின் கடமையைத் தளர்த்திவிடும் என்று அதனைக் குறைகூறியோர் பலர். நம் மரபில் நால்வகைத் தானங்களுள் அபயதானம் ஒன்றாதலால் நாங்கள் அதனைக் குறைகூறத் துணியோம். செவிலியரின் நிலையிலிருந்து நோக்கினால் அதன் பயன் இன்னொன்று. அதுவரை அவர் கையில் இருந்தவை எச்சரிக்கையும் கெஞ்சலும்தாம். கொல்ல வேண்டாம், என்னிடம் தாருங்கள் என்று கூற அவருக்கு ஒரு வழி கிடைத்தது. 1998இல் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று பெண்மகவின் உயிரைப் பற்றி நாடகம் நடத்தின. அதன்பின் அம்மாவட்டத்தில் 'சமூகக் காரணம்' என்னும் பதிவுகள் குறைந்ததை ஆத்ரேயாவும் சுங்கத்தும் எழுதியுள்ளனர். ஒரு செவிலி ஒரு வீட்டு வாயிலில் தாழ்ந்த குரலில் சொன்னதை, ஊர் நடுவே பலர் கூடி உரத்த குரலில் சொல்லினர். அறத்துயர் தீரும் வழி இதுவே என்பது எங்கள் துணிபு.

இன்று உசிலம்பட்டிப் பகுதியிலும் நிலை பெரிதும் மாறியுள்ளது. தமிழகத்தில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகின்றது. 1990களில் அப்பணியில் இருந்தோர் பெரும்பாலோர் ஓய்வுபெற்றுவிட்டனர். அவர்கள் நம் தெருக்களில், நம் பேருந்துகளில் இருக்கின்றனர். கொரோனாக் காலமாகிய 2020, 2021இல் வேறு தலைமுறைச் செவிலியர் வேறு வகை இறப்புகளைக் கண்டனர். முதியோர் இல்லங்களிலும், புற்றுநோயாளரின் இறுதிநாள் பணியிலும், நம்மவர் நடத்தும் ஜீவதயைக் காப்பகங்களிலும் நாள்தோறும் உயிர் பிரிவதைக் காண்போர் உளர். காயம்பட்ட மாட்டைத் தேற்ற மாட்டாமல் இழந்த பணியாளருக்கு, அது விலங்குதானே என்று ஆறுதல் சொல்வோரும் உளர். அகிம்சையை அறிந்த சமூகத்தில் அச்சொல் எழலாகாது.

நம் சங்கங்கள் இலவசக் கண் சிகிச்சை முகாம்களும் மருத்துவ முகாம்களும் நடத்துகின்றன. முகாம் முடிந்ததும் செவிலியருக்கும் தொண்டருக்கும் பொன்னாடை போர்த்துகின்றோம். போர்த்திய கையோடு அடுத்த முகாமுக்குத் தேதி கேட்கின்றோம். பொன்னாடைக்கு மாறாக வேறு சிலவற்றை எண்ணிப் பார்க்கலாம். கடினமான பணிக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்புதல். இறப்பைக் கண்டு வந்தவருக்கு மறுநாள் வேறு வேலை தருதல். ஆண்டில் ஒரு பருவம் அவரை முற்றிலும் விடுவித்து, அவர் இடத்தில் மற்றொருவர் நிற்றல். பணி முடிந்த மாலையில் கதவை மூடிக்கொண்டு அரைமணி நேரம் அவர் கண்டதைக் கூறக் கேட்டல். நம் முனிவர்கள் நாள்தோறும் ஆலோசனை, பிரதிக்கிரமணம் என்று குருவின் முன் அன்றைய நிகழ்வுகளை எடுத்துரைப்பதை நாம் அறிவோம். அது தம் குற்றம் கூறுதல்; தொண்டருக்கு வேண்டியது தம் சுமை கூறுதல். ஆயினும் உள்ளே வைத்துப் பூட்டாமல், கேட்கத்தக்க ஒருவரிடம் அன்றே கூறிவிடுதல் என்னும் முறை ஒன்றே. கேட்பவர் அறிவுரை கூற வேண்டா. வினைப்பயன் என்று விளக்கவும் வேண்டா. கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் முதன்மையானது.

தொண்டர் தாமே செய்துகொள்ளத்தக்கது சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், இல்லாவிடினும் பாதியளவேனும் அமர்ந்து, நான்கு பாவனைகளையும் பொதுவாகக் கூறாமல் அன்றைய முகங்களை வைத்துக் கூறிப் பார்க்கலாம். இன்று நான் யாரைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதிலிருந்து தொடங்குவது நன்று. விடை கிடைக்காத நாட்கள் தொடர்ந்து வருமாயின் அதுவே முதல் அறிகுறி.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினாலோ, பாவனையும் சாமாயிகமும் போதும் என்று இருத்தலாகாது. உடல்நோய்க்கு ஔஷதம் கொள்வது போலவே மனநோய்க்கும் மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குவது, தமிழிலேயே பேசலாம். சங்க அலுவலகங்களிலும், முகாம் நடக்கும் கூடங்களிலும், ஜீவதயைக் காப்பகங்களிலும் இவ்வெண்ணை எழுதி வைக்குமாறு நிர்வாகிகளை வேண்டுகின்றோம். நோயாளர் வரிசை நிற்கும் பக்கத்தில் ஒன்றும், தொண்டர்கள் தேநீர் அருந்தும் பக்கத்தில் ஒன்றும் வேண்டும்.